ஆரஞ்சுக் கயிறும் இரண்டு இளங்கழுகுகளும்

வெண்தலைக் கழுகின் குஞ்சுக்குத் தலை வெள்ளையாக இருக்காது. சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. முதல் வருஷம் உடம்பு முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம், அலகும் கறுப்பு. இரண்டாம் வருஷம் வயிற்றிலும் இறக்கைக்கு அடியிலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை. நான்காம் வருஷம் தலை அழுக்கு வெள்ளையாகி, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை நிற்கும். ஐந்து வருஷம் ஆன பிறகுதான் எல்லாரும் கேட்கிற அந்த வெள்ளைத் தலை வரும். வங்கி நாட்காட்டிக்குப் படம் கேட்டு வந்த அம்மாள் என் இளங்கழுகுப் படங்களையெல்லாம் புரட்டிவிட்டு, "இதெல்லாம் பருந்துங்களா டெல்மர்?" என்று கேட்டாள். வெள்ளைத் தலை ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டீர்கள், தெரிகிறது. நல்லது. வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு வக்கீல் எதற்கு? ஆனால் நடந்ததை நான் சொல்கிற வரிசையில்தான் கேட்க வேண்டும். உங்கள் ஷெரிஃப் அலுவலகத்துத் தம்பி நேற்று நடுநடுவே புகுந்து கேள்வி கேட்டு எல்லாவற்றையும் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். நீலத் துணி, அதற்கு முன்னால் ஒரு முக்காலி, வரிசையில் வந்து உட்காரும் பிள்ளைகள். அசையாதே, நிமிர்ந்து உட்கார் என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்வேன். ஓய்வு பெற்றதும், நான் சொன்னால் கேட்காத ஒன்றைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. இளங்கழுகு யார் சொன்னாலும் கேட்காது. பறக்கத் தெரியும், ஒழுங்காக இறங்கத் தெரியாது. பிடித்த மீனை நடுவானில் நழுவ விடும். கூடப்பிறந்ததோடு ஒரு மீனுக்குச் சண்டை பிடித்து, இரண்டும் கால் நகங்களைக் கோத்துக்கொண்டு சக்கரமாகச் சுற்றிக் கீழே விழும். தண்ணீரைத் தொடப் போகும்போது விட்டுப் பிரியும். வளர்ந்த கழுகிடம் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. அது அரசாங்க அதிகாரி மாதிரி மரத்தில் உட்கார்ந்திருக்கும். உங்களைச் சொல்லவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். இரண்டு இளங்கழுகுகள் நகம் கோத்துச் சுழல்வது, கீழே திறந்த தண்ணீர், அதில் அவற்றின் நிழல். மனிதன் தொட்ட பொருள் ஒன்றுகூடப் படத்தில் விழக் கூடாது. அதற்காகப் பதினோரு குளிர்காலம் அந்த ஏரியில் உட்கார்ந்தேன். பதினோரு குளிர்காலம் என்றால் என்னவென்று மினசோட்டாவில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கெட்டில் ஏரியில் எங்கேயும் பன்னிரண்டு அடிக்கு மேல் ஆழம் இல்லை. மேலே உறைந்து பனி மூடிவிட்டால் உள்ளே மீன் மூச்சுமுட்டிச் சாகும். அதனால் ஏரிச் சங்கம் அடியில் காற்றுக்குழாய் போட்டுக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். குமிழி வருகிற இடத்தில் அறுபது எழுபது கஜ அகலத்துக்குத் தண்ணீர் குளிர்காலம் முழுக்க உறையாது. அங்கே மீன் கூடும், மீனுக்காகக் கழுகு கூடும். அப்படித் தண்ணீரைத் திறந்து வைத்தால் சுற்றிலும் கம்பம் நட்டு, ஆரஞ்சுக் கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும் என்பது சட்டம். திறந்த தண்ணீரின் ஓரத்தில் பனிக்கட்டி அப்பளம் மாதிரி இருக்கும். அதன் மேல் புதுப் பனி விழுந்துவிட்டால் எது கெட்டி, எது மெல்லிசு என்று பிறந்ததிலிருந்து அங்கேயே வாழ்பவனுக்கும் தெரியாது.

வேலிப் பொறுப்பு என்னுடையது. நான் கேட்டு வாங்கவில்லை. இலையுதிர்காலக் கூட்டத்தில் சாப்பாட்டு மேஜையில் இரண்டாவது தட்டு ஹாட்டிஷ் எடுக்க எழுந்து போனேன், திரும்பி வருவதற்குள் கை தூக்கி என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் ஒரு குறை சொல்ல இடம் கொடுக்காமல் செய்தேன். கயிற்றுக்கும் மெல்லிய பனிக்கட்டிக்கும் நடுவில் பதினைந்து எட்டு இடம் விட்டுத்தான் கட்டுவேன். நானே நடந்து அளந்தது.

ஆனால் அந்தக் கயிறு படத்தில் விழுந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் விழுந்தது. வெயில் முதுகுக்குப் பின்னால் வர வேண்டுமென்றால் நான் தெற்குக் கரையில் வெள்ளைக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வடக்கே பார்க்க வேண்டும். பறவைக்குப் பின்னால் வடக்குப் பக்கக் கயிறு ஆரஞ்சுக் கோடாக ஓடும். அந்தக் கோடு விழுந்த படம் என்னிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அழித்துவிடலாமே என்று உங்கள் தம்பி கேட்டார். அழிக்கலாம். எல்லாரும் அழிக்கிறார்கள். படத்தில் நான் பொய் கலப்பதில்லை.

நீங்கள் பிளாஸ்டிக் குழாய்களைப் பற்றிக் கேட்டீர்கள். போன நவம்பரில் ஏரி உறையத் தொடங்கியபோது, கம்பத்தை நேராகப் பனிக்கட்டியில் நடாமல், முழ நீள வெள்ளைக் குழாய்த் துண்டுகளை நட்டு உறைய விட்டேன். கம்பத்தை அதில் செருகலாம், வேண்டும்போது உருவலாம். இருபத்திரண்டு கம்பத்தையும் உருவ இருபது நிமிஷம் போதும். காலை ஏழு மணிக்கு உருவுவேன், பத்து மணிக்குள் திரும்பச் செருகிவிடுவேன். இதைத் திட்டமிட்ட சதி என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் நல்ல கைவேலை.

இனி ஆர்வில் நைகார்டைப் பற்றி. பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். அவன் கொண்டுவந்து இறக்கிய பிள்ளைகளைத்தான் நான் முக்காலியில் உட்கார வைத்தேன். அப்படிப் பழக்கம், முப்பது வருஷம். அவனுடைய மீன்குடில் ஏரியின் வடபாதியில் பனிக்கட்டி மேல் நின்றது. விடிவதற்குள் அதற்குள் போய்த் தரையில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவான். சமையலுக்கு ஆகாத பொடி மீன்களை ஒரு வாளியில் சேர்த்து, எட்டு மணிக்கு மேல் எனக்காகக் கொண்டுவருவான். குடிலிலிருந்து நேராகத் தெற்கே நடப்பான், கயிறு காலில் தட்டியதும் நிற்பான், நீளக் கரண்டியால் மீன்களைக் கயிற்றுக்கு அப்பால் வீசுவான். பிறகு சுற்றி என் கூடாரத்துக்கு வந்து காப்பி குடிப்பான். கழுகுகளுக்கு அவனை நன்றாகத் தெரியும். அவன் வாளியோடு கிளம்பினால் கிழக்கே பெரிய பைன் மரத்திலிருந்து இரண்டு இளங்கழுகும் எழும். அவன் வராவிட்டால் எழாது. இது முக்கியம், எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மார்ச் மாதம் அறுவை. "எல்லாம் பால் கலக்குன மாதிரி இருக்குய்யா. ஆனா உன் கயிறு மட்டும் பளிச்சுனு தெரியுது, அது போதும் எனக்கு" என்பான்.

ஜனவரியில் ஒரு நாள் மீன்பிடிப்பு சீக்கிரம் அலுத்துப்போய், கரை வழியாகச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தான். நான் அப்போதுதான் கம்பங்களைத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா இது, வேலி ஊர்வலம் போயிட்டு வருதா?"

"படத்துல விழுது ஆர்வில். ரெண்டு மூணு மணி நேரம்தான் எடுக்கறேன். வடக்கால உன் பக்கம் நாலு கம்பத்த விட்டுட்டுத்தான் எடுக்கறேன்."

"அந்த நேரத்துல எவனாவது வந்து உள்ள விழுந்தா?"

"காலங்காத்தால எவன் வர்றான் இங்க?"

"நான் வர்றேனேடா கிறுக்கா."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "இன்னொரு தடவ பார்த்தேன்னா சங்கத்துல சொல்லிருவேன் டெல்மர். கயித்த உன் கையிலேருந்து புடுங்கி வேற ஆள்கிட்ட குடுத்துருவாங்க. அப்புறம் நீ கரையில நின்னு வாத்து படம் எடு." விளையாட்டாகச் சொல்லவில்லை. அவன் பொய் சொல்லத் தெரியாத ஆள், சொன்னால் செய்வான். பொறுப்பு போனால் என் படமும் போகும். எனக்கு எழுபத்து மூன்று வயது. அந்த இரண்டு பறவைகளும் அடுத்த குளிர்காலத்துக்குள் பிரிந்து எங்கேயோ போய்விடும். அதையும் யோசித்துப் பாருங்கள்.

இரண்டு வாரம் ஒரு கம்பத்தைக்கூடத் தொடவில்லை. அந்த இரண்டு வாரத்தில் மூன்று தடவை அவை நகம் கோத்தன. மூன்று தடவையும் நடுவில் ஆரஞ்சுக் கோடு. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே சொல்கிறேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி மத்தியானம் அவன் குடிலுக்குப் போனேன். மறுநாள் காலை லேசாகப் பனி தூறி, எட்டு மணிவாக்கில் வெயில் அடிக்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அந்த மாதிரி வெளிச்சம் குளிர்காலத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் கிடைக்கும். ஆர்வில் அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

"நாளைக்குத் தூறலாம்ங்கறான். கயிறு இருக்குமில்ல?"

"இருக்கும்."

"நெசமா?"

"இருக்கும்யா."

அவன் தூண்டில் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் இருபத்திரண்டு கம்பத்தையும் எடுக்கப் போகிறேன் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன், வடக்கு நாலையும் சேர்த்து. இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் வந்திருக்க மாட்டான். அவன் வராவிட்டால் பறவைகள் மரத்தை விட்டு எழாது. அவனைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தவன் பேச்சா இது? அவன் கயிற்றுக் கோட்டுக்கு வந்ததும் நான் குரல் கொடுப்பேன், அவன் நிற்பான், கோபப்படுவான், அதற்குள் என் படம் கிடைத்திருக்கும். திட்டம் இவ்வளவுதான்.

காலையில் எல்லாம் நினைத்தபடி நடந்தது. ஏழு மணிக்குக் கம்பங்களை உருவி, கயிற்றைச் சுருட்டிக் கூடாரத்தில் என் காலடியில் வைத்தேன். தூறல் நின்றது. திறந்த தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து, மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. எட்டு மணி தாண்டி வெயில் வந்தது. ஆர்வில் வாளியோடு வெளியே வருவதை லென்ஸில் பார்த்தேன். காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு, காலில் கயிறு தட்டுவதை எதிர்பார்த்து, அவனுக்கே உரிய அந்த அவசரமில்லாத நடை.

குழாய்த் துண்டுகளின் வாய் பனிக்கு மேல் ஒரு சாண் தெரியும். நாலாவது குழாய்க்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அவன் கோட்டைத் தாண்டினான். நான் குரல் கொடுக்க வேண்டிய இடம் அது. சரியாக அந்த நேரத்தில் பறவைகள் இரண்டும் பைன் மரத்திலிருந்து எழுந்தன.

பதினைந்து எட்டு. ஆர்வில் குட்டையான ஆள், அவனுக்குப் பதினெட்டு ஆகியிருக்கும். கத்தினால் பறவைகள் திரும்பிவிடும், திரும்பினால் அன்றைக்கு மறுபடி எழாது. இன்னும் இரண்டு எட்டு பார்ப்போம் என்று நினைத்தேன். பிறகு இன்னும் இரண்டு. அவன் ஒரு தடவை நின்று, குனிந்து, கையை முன்னால் நீட்டித் துழாவினான். கயிற்றைத் தேடியிருக்கிறான். கிடைக்கவில்லை, அப்படியென்றால் இன்னும் வரவில்லை என்று நினைத்திருப்பான். கயிறு இருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. மறுபடி நடந்தான்.

பனிக்கட்டி உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. வாளி தெறித்து மீன்கள் தண்ணீரிலும் ஓரத்திலும் சிதறின. அவ்வளவு மீன் ஒரே நேரத்தில் அந்தப் பறவைகள் பார்த்ததே கிடையாது. இளையது ஒரு மீனைத் தூக்கியது, மூத்தது மேலே வந்து அதை அடித்தது, இளையது முதுகைக் கீழே போட்டுத் திரும்பி நகத்தை நீட்டியது. கோத்துக்கொண்டன. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. நிழல் தண்ணீரில். கோடு இல்லை. பதினோரு வருஷமாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்த படம் வெளியே வந்தது.

முதல் படத்துக்கும் நான் உதவிக்குப் போன் செய்ததற்கும் நடுவில் ஆறு நிமிஷம் என்று கேமராவிலும் போனிலும் பதிந்திருக்கிறது. எட்டு பன்னிரண்டு, எட்டு பதினெட்டு. அதை நான் மறுக்கவில்லை. இருநூற்றுப் பதினாலு படம் எடுத்தேன். கயிறு என் காலடியில் இருந்தது, தண்ணீரில் விழுந்தவரை மீட்பதற்கான ஏணி கரையில் மாட்டியிருந்தது, இரண்டும் உண்மை. கடைசி மீனையும் தூக்கிக்கொண்டு பறவைகள் போனதும் ஏணியை எடுத்துக்கொண்டு சுற்றி ஓடினேன். எழுபத்து மூன்று வயதில் பனியில் ஏணியோடு ஓடினேன் என்பதையும் யாராவது எழுதலாம். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தொப்பி மட்டும் இருந்தது. தீயணைப்பு ஆட்கள் வருவதற்குள் கம்பங்களைச் செருகிக் கயிற்றைக் கட்டிவிட்டேன். இன்னொருவர் விழுந்துவிடக் கூடாதே.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். ஆர்விலின் மனைவி மார்லிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டெல்மர், அவர் கூப்பிட்டாரா?"

"இல்ல மார்லிஸ்."

"ஒரு சத்தம்கூடவா இல்ல?"

"இல்ல. தண்ணி அவ்வளவு சில்லுனு இருந்தா மூச்சே வராது. சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு தெரியாம கயித்தத் தாண்டிட்டார்னு சொல்றாங்க. அந்த ஆபரேஷன டிசம்பர்லயே பண்ணிக்கங்கன்னு முட்டிக்கிட்டேன், கேட்டாத்தானே. நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே டெல்மர், அது போதும்." ஆமாம், இருந்தேன் என்றேன். அதுவும் பொய் இல்லை.

என்னை யாரும் பிடிக்கவில்லை, இதை நன்றாகப் பதிவு செய்யுங்கள். நானேதான் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, வால்நட் மரச் சட்டம் போட்டு, ஏப்ரலில் மார்லிஸ் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஆர்வில் போட்ட மீனால் கிடைத்த படம், அவன் வீட்டில் மாட்ட வேண்டும் என்று தோன்றியது. மறைக்க நினைப்பவன் இப்படிச் செய்வானா? அவள் சமையலறை மேஜையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அழகா இருக்கு என்றாள். பிறகு விரலை வைத்துப் படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக இழுத்தாள்.

"இது அன்னிக்கு எடுத்ததா? அவர் மீனெல்லாம் செதறிக் கெடக்குது."

"ஆமா."

"கயிறு எங்க டெல்மர்?"

அவள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்ததும் உங்களுக்குப் போன் செய்திருப்பாள். அந்தச் சட்டத்தோடு படத்தையும் குப்பையில் போட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மட்டும் எனக்கு அவள் மேல் வருத்தம் உண்டு.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கயிற்றை எடுத்தது நான். இருக்கும் என்று சொன்னது நான். அவன் கோட்டைத் தாண்டுவதைப் பார்த்தேன், துழாவியதைப் பார்த்தேன், விழுந்ததைப் பார்த்தேன், பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. மறுபடி அந்தக் காலை வந்தாலும் அதையேதான் செய்வேன். இளங்கழுகுகளை இப்படி எடுத்தவன் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது நீங்கள் என் முன்னால் தள்ளுகிற இது வேறு படம். இதை நான் யாருக்கும் காட்டவில்லை. இடது மூலையில் தண்ணீருக்கு வெளியே ஒரு கை, விரல் விரிந்து, என் கூடாரத்தைப் பார்த்து. உதவி கேட்கிற கை என்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லை. லென்ஸ் வழியாக அவன் முகத்தைப் பார்த்தவன் நான். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தினால் பறவைகள் கலைந்துவிடும் என்று தெரிந்துதான் வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினான். எடு, எடு என்று சொன்னான். முப்பது வருஷம் பழகியவன், அவன் கை சொல்வது எனக்குத் தெரியாதா.